இதயத்துக்குப் போட்ட ஊசி

பெரியப்பாவுக்கு இரண்டு ஃபைல்கள் இருந்தன. நீல அட்டை இதயப் பிரிவுக்கு, மஞ்சள் அட்டை நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு. ஜனவரியில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், விடாத இருமலோடு மார்ச்சில் மறுபடியும் மருத்துவமனைக்குப் போனபோது எடுத்த சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. கோயம்புத்தூரில் நாற்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் நின்றவர். பட்டறை மூடிய பிறகும் பீடியை மட்டும் விடாதவர். ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளுக்கு இடையே அந்த இரண்டு ஃபைல்களையும் நான் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்த்து, "ஏங்கண்ணு, நெஞ்சு ஒண்ணுதானே இருக்குது, அதுக்கு எதுக்கு ரெண்டு ஃபைலு?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பயாப்சி எடுக்க வேண்டும் என்று ஒரு மாடியில் சொன்னபோது, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மற்றொரு மாடியில் சொன்னார்கள். ஊசியை நுரையீரலுக்குள் செலுத்தினால் ரத்தம் கசியும் என்பது ஒருவருடைய அச்சம். மூன்று மாதம்கூட ஆகாத ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்பது மற்றவருடைய அச்சம். இருவர் சொன்னதும் சரி என்பதுதான் சிக்கல். கடைசியில் ஆஸ்பிரினைத் தொடர்ந்துகொண்டு, க்ளோபிடோக்ரெலை மட்டும் ஐந்து நாள் நிறுத்திவைத்து, ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பயாப்சி எடுத்தார்கள். முடிவு வந்தது: நுரையீரல் புற்றுநோய், மூன்றாம் நிலை, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுக்கலாம். அத்துடன், புதிய மருந்தொன்றை அந்தச் சிகிச்சையோடு சேர்த்துச் சோதிக்கும் ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருப்பதாகவும், விருப்பமிருந்தால் சேரலாம் என்றும் சொன்னார்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மருந்து ஆய்வுகளில் சேர்பவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்கம் செய்கிறேன். நான் தமிழாக்கியதை ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்புதான் படிவம் நெறிமுறைக் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவில் மருத்துவரல்லாத பொதுமக்களில் ஒருவரும் இருப்பார். என் மொழிபெயர்ப்பில் உருப்படியான திருத்தம் சொல்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குக் கொடுக்கும் மருந்தில்லாத ஊசியைக் குறிக்கும் 'மருந்துப்போலி' என்ற சொல்லை நான் கைவிட்டது அப்படி ஒருவர் கேட்ட கேள்வியால்தான். "போலி மருந்து கொடுப்பீர்களா என்று எங்கள் ஊர்க்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது?" என்றார் அவர். அன்றிலிருந்து 'மருந்து எதுவும் கலக்காத ஊசி' என்றே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் யாரும் பயப்படுவதில்லை.

இத்தனை ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான முறை தட்டச்சு செய்த ஒரு வரியை, பெரியப்பாவுக்கு அருகில் உட்கார்ந்து முதன்முறையாகக் காதால் கேட்டேன். ஒருங்கிணைப்பாளராக இருந்த இளம்பெண் மிகுந்த பணிவோடு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். "ஐயா, கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்களை இதில் சேர்க்க முடியாதுங்க ஐயா." பெரியப்பாவுக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, படிக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போன அந்தப் படிவத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அந்த வரியில் ஒரு நியாயம் இருக்கிறது. புதிய மருந்து இதயத்தைப் பாதிக்குமா என்று தெரியாத நிலையில், ஏற்கெனவே அடிபட்ட இதயத்தை அதற்கு உட்படுத்துவது அறமாகாது. நோயாளி இறந்துபோனால் மருந்தால் இறந்தாரா, பழைய மாரடைப்பால் இறந்தாரா என்று பிரித்தறியவும் முடியாது. ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கு வரும் நோயாளிகளில் பலர் புகைபிடித்தவர்கள். புகை முதலில் தொடுவது எது, நுரையீரலா இதயக் குழாயா என்று சொல்ல முடியாதபடி இரண்டையும் ஒருசேரக் கெடுப்பது. ஆய்வு ஒரு நோயை மட்டும் கொண்ட மனிதரைத் தேடுகிறது. மருத்துவமனை வரிசையில் நிற்பவரோ இரண்டையும் சுமந்துகொண்டு வருகிறார்.

அன்று இரவு தூக்கம் வராமல் நான் திரும்ப எடுத்துப் படித்தது, இந்த இரண்டு நோய்களும் எதிர்பாராமல் சந்தித்துக்கொண்ட ஓர் ஆய்வைப் பற்றியது. அதன் பெயர் கான்டோஸ். நான் மொழிபெயர்த்த ஆய்வு அல்ல. ஆனால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைப்போல் பாடம் சொல்லும் ஆய்வு வேறில்லை என்று நினைக்கிறேன்.

மாரடைப்புக்குக் கொழுப்புதான் காரணம் என்று நாம் பேசிப் பழகியிருக்கிறோம். ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது உண்மை. ஆனால் படிந்த இடம் சும்மா கிடப்பதில்லை. அங்கே நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து குவிகின்றன, திசு கனன்றுகொண்டே இருக்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். படிவின் மூடி கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுவதற்கு இந்தக் கனலும் ஒரு காரணம் என்று போஸ்டன் நகரிலுள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் இதய மருத்துவர் பால் ரிட்கர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். அழற்சியை அளக்க அவர் கையிலெடுத்தது சி.ஆர்.பி. என்ற புரதம், கல்லீரலில் உருவாகி, உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ரத்தத்தில் கூடுவது.

2008-இல் வெளிவந்த ஜூபிடர் என்ற ஆய்வு அவருடைய வாதத்துக்குப் பாதி வலு சேர்த்தது. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு அதிகமில்லாமல் சி.ஆர்.பி. மட்டும் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருந்த 17,802 பேரைச் சேர்த்து, ரோசுவாஸ்டாடின் மாத்திரையைப் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் 44 சதவீதம் குறைந்தன. ஆனால் ஸ்டாடின் வகை மாத்திரை கொழுப்பையும் குறைக்கிறது, அழற்சியையும் குறைக்கிறது. பலன் எதனால் வந்தது என்று எதிர்த்தரப்பு கேட்டபோது பதில் இல்லை. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தாலொழிய அந்த வழக்கு தீராது.

அந்த மருந்துதான் கேனகினுமாப். இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற, அழற்சியைத் தூண்டும் ஒரே ஒரு செய்திப் புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடும் எதிர்ப்புரதம் அது. நோவார்ட்டிஸ் நிறுவனம் அரிதான சில பரம்பரை அழற்சி நோய்களுக்காக உருவாக்கி, 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. அதை 39 நாடுகளில், ஏற்கெனவே மாரடைப்பு வந்து, வழக்கமான சிகிச்சைகளையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாத 10,061 பேரிடம் சோதித்ததுதான் கான்டோஸ் ஆய்வு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஓர் ஊசி. சிலருக்கு 50, சிலருக்கு 150, சிலருக்கு 300 மில்லிகிராம். மீதிப் பேருக்கு மருந்து கலக்காத ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடும் மருத்துவருக்கும் தெரியாது.

2017 ஆகஸ்டில் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் முடிவை அறிவித்தார்கள். கொழுப்பு அசையவில்லை, சி.ஆர்.பி. இறங்கியது, 150 மில்லிகிராம் ஊசி பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றின் கூட்டு அளவு 15 சதவீதம் குறைந்தது. ரிட்கரின் வாதம் வென்றது.

சதவீதத்தைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். மருந்து பெறாதவர்கள் நூறு பேரை ஓராண்டு கவனித்தால் 4.50 நிகழ்வுகள், 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் 3.86. அதாவது ஆயிரம் பேருக்கு ஓராண்டு ஊசி போட்டால் ஆறு ஏழு பேர் தப்பிக்கிறார்கள். அதே நேரத்தில் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் மருந்து பெற்றவர்களிடம் ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 3.1 ஆகவும், பெறாதவர்களிடம் 1.8 ஆகவும் இருந்தன. எதிர்ப்பு ஆற்றலின் ஒரு விரலைக் கட்டிப்போட்டதற்கு உடல் வாங்கிய வட்டி அது. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, இரு தரப்புக்கும் உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

இதற்குப் பிறகுதான் நுரையீரல் வருகிறது. எதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் எந்த மருந்தானாலும் அது புற்றுநோயைக் கூட்டிவிடுமோ என்ற அச்சம் எப்போதும் உண்டு. அதனால் புற்றுநோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. இடையில் யாருக்காவது வந்தால், அவர் எந்த ஊசி பெற்றவர் என்று அறியாத ஒரு புற்றுநோய்க் குழு ஒவ்வொரு கோப்பையும் சரிபார்த்தது. ஆபத்து வருகிறதா என்று பார்க்க வைத்த காவல் அது. காவலுக்கு நின்றவர்கள் கண்டதோ நேர்மாறான காட்சி. 300 மில்லிகிராம் பெற்றவர்களிடம் புதிய நுரையீரல் புற்றுநோய் 67 சதவீதம் குறைந்திருந்தது. 150 பெற்றவர்களிடம் 39 சதவீதம். நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 300 மில்லிகிராம் பிரிவில் 77 சதவீதம் குறைவு. மருந்தின் அளவு கூடக்கூடப் பலனும் கூடியது, அது தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அடையாளம். பின்னால் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஆய்வின் தொடக்கத்திலேயே சி.ஆர்.பி. மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததும் தெரியவந்தது. இதய ஆய்வின் முடிவை வெளியிட்ட அதே நாளில் இதையும் லான்செட் இதழில் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இதைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு படபடக்கும். எனக்கும் படபடத்தது. ஆனால் அந்த முடிவு முழுவதும் நிற்பது 129 பேர் மீது. பத்தாயிரம் பேரில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்கள் மொத்தமே அவ்வளவுதான். அவர்களை நான்கு பிரிவுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எஞ்சுவது ஒரு சிறு கூட்டம். அதோடு, ஆய்வு கேட்கப் புறப்பட்ட கேள்வி இதுவல்ல. கட்டுரையை எழுதியவர்களே இதை மறைக்கவில்லை. இது மறுபடியும் தனியாகச் சோதிக்கப்பட வேண்டிய ஒன்று என்றுதான் எழுதினார்கள்.

அப்படிச் சோதிக்காமல் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே இரண்டு நோய்களிலேயே முன்னுதாரணம் உண்டு. காய்கறிகளை நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயும் இதயநோயும் குறைவு. அவர்களுடைய ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம். எனவே புகைபிடிப்பவர்களுக்கு அதையே மாத்திரையாகக் கொடுத்தால் நல்லதுதானே என்று பலர் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்து 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களிடமும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களிடமும் நடந்த கேரட் என்ற ஆய்வில், புற்றுநோய் 28 சதவீதமும் மொத்த இறப்பு 17 சதவீதமும் கூடியதால், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பாகவே 1996-இல் நிறுத்திவிட்டார்கள். ஆய்வுக்கே கேரட் என்று பெயர் அமைந்தது விதியின் குறும்பு.

கேனகினுமாபை நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நேராகவே சோதித்தார்கள். கேனபி என்ற பொதுப் பெயரில் பல ஆய்வுகள். இதய ஆய்வில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்த மருந்தை, இங்கே மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஆகவே மருந்து போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் கட்ட சிகிச்சை பலனளிக்காமல்போன 237 பேரிடம் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துச் சோதித்ததில் ஆயுள் நீளவில்லை என்று 2021 மார்ச்சில் தெரிந்தது. சிகிச்சையின் தொடக்கத்திலேயே இம்யூனோதெரபியோடும் (எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் சிகிச்சை) கீமோவோடும் சேர்த்து 643 பேரிடம் சோதித்த ஆய்வும் அதே ஆண்டு அக்டோபரில் குறிக்கோளை எட்டவில்லை. எஞ்சிய நம்பிக்கை, கட்டியை முழுவதும் வெட்டியெடுத்த 1,382 பேரிடம் அது திரும்ப வராமல் தடுக்குமா என்று சோதித்ததன்மேல் இருந்தது. 2022 ஆகஸ்டில் அதுவும் தோற்றது.

ஐந்து ஆண்டுகள், மூன்று பெரிய ஆய்வுகள், கையில் ஒன்றுமில்லை. ஆய்வு தோற்றுவிட்டது என்றுதான் செய்திகளில் எழுதுவார்கள். மருந்துதான் தோற்றது, ஆய்வு தன் வேலையைச் செய்தது என்பது என் கருத்து. பத்தாயிரம் பேர் இதயத்துக்காகப் போட்டுக்கொண்ட ஊசியிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தது. அந்தக் குறிப்பை நம்பி லட்சக்கணக்கானோர் வீட்டை விற்று அந்த ஊசியை வாங்குவதற்கு முன்பே, இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் தங்கள் உடலைக் கொடுத்து அது இந்த நிலைகளில் பயன்படாது என்று நமக்குச் சொல்லிவிட்டார்கள். நான் மொழிபெயர்க்கும் படிவங்களில், 'இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பலன் கிடைக்காமலும் போகலாம். ஆனால் வருங்கால நோயாளிகளுக்கு உதவும் தகவல் கிடைக்கலாம்' என்று ஒரு வாசகம் கட்டாயம் வரும். கண்ணை மூடிக்கொண்டே தட்டச்சு செய்யும் அளவுக்குத் தேய்ந்த வாசகம் அது. அதன் பொருள் இதுதான்.

அப்படியானால் 2017-இல் கண்டது பொய்யா? அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. லண்டனிலுள்ள ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிலையத்தில் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர் காற்று மாசு பற்றிச் செய்த ஆராய்ச்சி, வேறொரு வாசலைத் திறந்துவைத்தது. 2023-இல் நேச்சர் இதழில் வெளியான அந்தக் கட்டுரையின்படி, புற்றுநோய்க்கு வழிவகுக்கும் மரபணுப் பிழைகள் நோயில்லாத நுரையீரலிலும் அங்கங்கே இருக்கின்றன. அவர்கள் ஆராய்ந்த நோயற்ற திசு மாதிரிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் பிழை 18 சதவீதத்திலும், கே-ராஸ் என்ற மரபணுவின் பிழை 53 சதவீதத்திலும் காணப்பட்டன. பிழை இருந்தால் மட்டும் கட்டி வளர்ந்துவிடுவதில்லை. நுண்துகள் நிறைந்த காற்று உள்ளே போகும்போது நுரையீரல் கனல்கிறது. கனலும்போது இன்டர்லூக்கின்-1 பீட்டா சுரக்கிறது. அதுவரை உறங்கிக் கிடந்த, பிழை கொண்ட உயிரணுவை அது எழுப்பிவிடுகிறது. எலிகளில் அந்தப் புரதத்தைத் தடுத்தபோது, மாசுக்காற்றால் கட்டி உண்டாவது தடைபட்டது. கான்டோஸ் தடுத்த அதே புரதம்.

ஆக, விதை முளைவிடும் நேரத்தில் தண்ணீரை நிறுத்தினால் செடி வராது. மரமான பிறகு நிறுத்தினால் அதன் வேர் வேறெங்கோ தண்ணீர் தேடிக்கொள்ளும். கான்டோஸில் இருந்தவர்களின் நுரையீரலில் முளைவிடும் நிலையிலிருந்ததை ஊசி தடுத்திருக்கலாம். கேனபி ஆய்வுகளில் இருந்தவர்களுக்கு அந்தக் கட்டம் எப்போதோ கடந்துபோயிருந்தது. இது பொருத்தமான விளக்கம்தான், இன்னும் நிரூபணம் ஆகவில்லை. நிரூபிக்க வேண்டுமானால் நோய் வராத பல்லாயிரம் பேருக்குப் பல ஆண்டுகள் ஊசி போட வேண்டும். ஆயிரத்தில் ஒருவருக்குக் கூடுதலாக உயிர்போகும் தொற்று வரக்கூடிய ஊசியை, ஆரோக்கியமாக நடமாடுபவருக்கு எந்த முகத்தோடு போடுவது? அந்தப் படிவத்தை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் அந்த வரியில் நிச்சயம் கை நின்றுவிடும்.

இதயத்துக்கான அனுமதியும் கிடைக்கவில்லை. முதல் ஊசியிலேயே சி.ஆர்.பி. 2-க்குக் கீழே இறங்கியவர்களுக்குப் பலன் 25 சதவீதம் என்று தெரிந்ததால், அத்தகையவர்களுக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி கேட்டது நோவார்ட்டிஸ். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் மறுத்துவிட்டது. குலுக்கல் முறையில் பிரித்தது ஊசியை மட்டும்தான். யாருக்கு நன்றாக இறங்கும் என்பதை யாரும் குலுக்கிப் பிரிக்கவில்லை. நன்றாக இறங்கியவர்கள் இயல்பிலேயே நல்ல உடல்நிலை கொண்டவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? தேர்வு முடிந்தபின் முதல் மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, இந்தப் பள்ளியின் பாடமுறை சிறந்தது என்று சொல்வதைப் போன்றது அது. அரிய நோய்களுக்காக அந்த ஊசிக்கு அமெரிக்காவில் அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டாலர் விலை இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அனுமதி கிடைத்திருந்தாலும் பெரியப்பா போன்ற ஒருவர் அதன் பக்கமே போயிருக்க முடியாது.

விலை என்றதும் நினைவுக்கு வருவது கண்வலிக் கிழங்கு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் போனவர்கள் பந்தல் கம்பிகளில் தீச்சுடரைக் கவிழ்த்தாற்போல் பூத்துக் கிடக்கும் அதன் பூவான செங்காந்தளைப் பார்த்திருப்பார்கள்; பூவைத் தமிழ்நாட்டின் மாநில மலர் என்று எல்லோருக்கும் தெரியும், விவசாயிக்கோ அது விதைக்காக வளர்க்கும் பணப்பயிர். காலை வெயில் ஏறுமுன் பெண்கள் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்பார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கப்படுவது கால்ச்சிசின், கவுட் என்னும் மூட்டுவலிக்கு நெடுங்காலமாகத் தரப்படும் மருந்து. கிழங்கைத் தெரியாமல் தின்றால் ஆளைக் கொல்லும் நஞ்சும் அதுவே. இந்த மருந்தும் அழற்சியைத் தணிப்பதுதான், அதுவும் ஒரு மாத்திரை சில ரூபாய்க்கு. ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம் வீதம் கொடுத்து 5,522 பேரிடம் சோதித்த லோடோகோ-2 என்ற ஆய்வில் இதய நிகழ்வுகள் 31 சதவீதம் குறைந்ததாக 2020-இல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு, மாரடைப்பு வந்து முப்பது நாளுக்குள் கொடுத்த கோல்காட் ஆய்வில் 23 சதவீதம். 2023-இல் இதயநோய்க்காக அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. ஆனால் 2024-இல் வெளிவந்த, 7,062 பேரைக் கொண்ட கிளியர் ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. மலிவு மருந்து என்பதற்காக எண்களிடம் சலுகை கேட்க முடியாது.

பெரியப்பாவிடம் வருகிறேன். ஆய்வில் சேர முடியாததால் வழக்கமான சிகிச்சையை மே மாதம் தொடங்கினார்கள். ரேடியேஷன் திட்டமிடும் அறையில், கதிரியக்க மருத்துவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நெஞ்சின் குறுக்குவெட்டுப் படம். கட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு, இதயத்தைச் சுற்றி மஞ்சள் கோடு. பட்டறையில் நூலிழை அளவுக்குக் கடைசல் பிடித்தவர் என்பதாலோ என்னவோ, பெரியப்பா அந்தக் கோடுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு தள்ளி இருக்குதுங்க?" என்று கேட்டார். மருத்துவர் கணினியின் மவுஸை நகர்த்தி அளந்து சொன்னார்.

அந்த மஞ்சள் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கதிர்வீச்சைக் கூட்டினால் கட்டி நன்றாக அடங்கும், ஆயுள் கூடும் என்ற எண்ணத்தில் அமெரிக்காவில் மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு வழக்கமான 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவையும் 74 கிரே அளவையும் ஒப்பிட்டார்கள். 2015-இல் முடிவு வெளியானபோது, குறைந்த அளவு பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 28.7 மாதம், கூடுதலாகப் பெற்றவர்களுக்கு 20.3 மாதம்தான். ஏன் என்று துருவியபோது கண்ணில் பட்ட காரணங்களில் ஒன்று, இதயத்தின்மேல் விழுந்த கதிர்வீச்சு. நுரையீரலைக் காப்பாற்றப் போன கதிர் பக்கத்து வீட்டையும் சுட்டிருக்கிறது. நம்மூர் மருத்துவர் ஒருவர் மஞ்சள் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் இடையே மில்லிமீட்டர் கணக்கில் தகராறு செய்துகொண்டிருந்ததற்கு, முகம் தெரியாத அந்த நோயாளிகள்தான் காரணம். இந்த எண்களை நான் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜூலை மாதம் அவருக்கு மாரடைப்பு வந்து ஆறு மாதம் நிறைந்தது. நாள்காட்டியில் நான் குறித்து வைத்திருந்தேன். அன்று காலையே ஒருங்கிணைப்பாளரை அழைத்து, இப்போது சேர முடியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் படிவத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பதினான்காவது நிபந்தனையைப் படித்துக் காட்டினார்: 'இந்நோய்க்கு ஏற்கெனவே கீமோவோ கதிர்வீச்சோ பெற்றவர்கள் இவ்வாய்வில் சேரத் தகுதியற்றவர்கள்.' நடை பழக்கமானதாகத் தெரிந்தது. நான் எழுதும் தமிழைப் போலவே இருந்தது.